என் மேல் நானே போட்ட மனு

வாங்க மேடம், வாங்க. செருப்பக் கழட்ட வேணாம், அப்பிடியே வாங்க. அந்தச் சேரு வேணாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். இதுல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா? வேணாமா? வெயில்ல வந்துருக்கீக. சரி, பெறகு கேட்டுக் குடிங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். பின்னால எம் மருமக நாகஜோதி இருக்கா. அவளுக்குப் பாம்புக்காது.

ஒங்க கையில இருக்குல்ல அந்தக் காயிதம்? ஒரே வீட்டுல, ஒரே ஒலையில சோறு தின்னுக்கிட்டு, ரெண்டு குடும்பம்னு பொய் சொல்லி ரெண்டு ரேஷன் அட்டை வாங்கி அரசாங்கத்த ஏமாத்துறாகன்னு எழுதியிருக்கும். கீழ பேரு இருக்காது. மொட்டைப் பெட்டிஷன். எந்த வேண்டாதவுக எழுதுனாகளோன்னு ஆபீஸ்ல மண்டையப் போட்டு ஒடச்சுருப்பீக. நான்தான் மேடம் எழுதிப் போட்டேன். சண்முகத்தாய். அட்டையில மொதப் பேரு என் பேருதான். ஆமா, எம் மேல நானேதான்.

முழிக்காதீக. பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில மனு எழுதுறாருல்ல ஒருத்தரு, அவரும் இப்பிடித்தான் முழிச்சாரு. நாப்பது வருசமா எழுதுறேன், பக்கத்து வீட்டுக்காரி மேல எழுதியிருக்கேன், கூடப் பொறந்தவன் மேல எழுதியிருக்கேன், தன் மேலயே எழுதச் சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்னாரு. எழுதுங்கய்யா, கூலி குடுக்குறேன்லன்னேன்.

எல்லாம் அந்த பட்ஜெட்டுல ஆரம்பிச்சது. நான் அரசாங்கத்தக் கொற சொல்லல. சொல்லுவேன், பெறகு சொல்லுவேன், இப்ப சொல்லல. அன்னைக்கு டிவில வாசிக்கிறாக. நான் புளி ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். வெலவாசி கூடிப்போச்சு, குடும்பம் நடத்துற பொம்பளைக பாடு பெரும்பாடா இருக்கு, அதனால அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவிக்கு மாசாமாசம் பணம் தர்றோம், சிலிண்டருக்கு இன்னது, பருப்பு எண்ணெய்க்கு இன்னதுன்னு வாசிச்சுக்கிட்டே போறாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மேடம். கட்டுன புருசன் ஒரு நாளு கேட்டதில்ல, பருப்பு என்ன வெல விக்குதுன்னு. அவுக போயிச் சேந்தாச்சு, அவுகளச் சொல்லக்கூடாது. ஆனா கேட்டதில்ல. மெட்ராசுல கோட்டையில உக்காந்துருக்க மனுசன் கேக்குறாரு, ஏத்தா சண்முகத்தாயி, எப்பிடிச் சமாளிக்கிறன்னு. அப்பிடித்தான் எங்காதுல விழுந்துச்சு.

பணமும் வந்துச்சு. அதோட விட்டுருந்தா நான் மனுசி.

எதுத்த வீட்டுல செல்வமேரின்னு ஒருத்தி. அவளுக்கும் வந்துச்சு, அவ மருமகளுக்கும் வந்துச்சு. எப்பிடிடீன்னு கேட்டா, மகன் பேர்ல தனி அட்டை இருக்குக்கா, தனி அட்டைன்னா தனித் தலைவிங்கிறா. ஒரே வாசப்படி மேடம், ஒரே கொடிக்கயித்துல துணி காயுது, தலைவி மட்டும் ரெண்டு பேரு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அவ வீட்டுல ரெண்டு பொம்பள, எங்க வீட்டுலயும் ரெண்டு பொம்பள. அவுக வீட்டுப் பொம்பளைக்கு மட்டும் என்ன கொம்பு மொளச்சுருக்கு?

இ-சேவை மையத்துல போயிக் கேட்டேன். அங்க இருக்க பொண்ணு சொல்லுச்சு, தனி அட்டை வேணும்னா தனிச் சமையல் இருக்கணும், தனி கேஸ் கனெக்சன் இருக்கணும், ஆளு வந்து பாப்பாகன்னு. பாக்கட்டுமே, காட்டிட்டாப் போச்சுன்னு வீட்டுக்கு வந்து சொன்னேன். எம் மகன் காளிராசு ஒண்ணும் சொல்லல. லோடு ஆட்டோ ஓட்டுறான், விருதுநகருக்கும் இங்கிட்டுமா பருப்பு மூட்ட அடிக்கிறான். அவன் எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டான். சோத்தத் தின்னமா, படுத்தமான்னு இருப்பான். தங்கமான பிள்ளை.

நாகஜோதிதான் சொன்னா, "வேணாம் அத்தை. இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்லி வாங்க வேணாம்."

அரிச்சந்திரன் பேத்தி! கல்யாணமாயி ரெண்டு வருசத்துல அவ என்னைய எதுத்துச் சொன்ன மொதப் பேச்சு அதுதான். ஏன் வேணாம், ஒங்கப்பன் தொண்டியிலருந்து மாசாமாசம் மணியார்டர் அனுப்புறாரான்னு கேட்டேன். பெறகு அவ வாயே தொறக்கல. அப்பவே நான் தெரிஞ்சுருக்கணும். வாயத் தொறக்காதவளத்தான் நம்பக்கூடாது.

நான் அவளக் கொடுமைப்படுத்துனேன்னு நெனச்சுறாதீக. ராணி மாதிரி வச்சுருந்தேன். இந்த அடுப்புப் பக்கமே அண்ட விட்டதில்ல. காய் அரிஞ்சு குடுப்பா, ஏனம் கழுவுவா, அவ்வளவுதான். கரண்டி என் கையில. உப்பு என் கையில. எண்ணெய் டின்னு என் கட்டிலுக்கு அடியில, ஏன்னா கண்ணு மண்ணு தெரியாம ஊத்துவா, கடக்கரை ஊருக்காரி. சாப்பாட்டுக்கும் கொறை வச்சதில்ல. நானும் எம் மகனும் தின்னு எந்திருச்சப்பெறகு அவளும் உக்காந்து தின்னுக்கலாம். யாரும் அவளப் பாத்துக்கிட்டு நிக்கப்போறதில்ல. எம் மாமியாக்காரி என்னைய அப்பிடியா வச்சுருந்தா? நான் தின்னுறத எண்ணுவா மேடம்.

ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆயிருச்சா. மாமியா கூடத்தான் இருக்கீகளா? சிரிக்கிறீக. சரி, நான் கேக்கல.

இருங்க. விசிலு கேட்டுச்சுல்ல? அது அவ குக்கரு. துவரம்பருப்புன்னா மூணோட நிப்பாட்டிருவா. இது அதுக்கு மேல போயிருச்சு. கொண்டக்கடலையா இருக்கும். நேத்து டப்பாவத் தொறக்குற சத்தம் கேட்டுச்சு.

எங்க விட்டேன்? ஆங். பின்னால ஒரு ரூமு. அவுக இருந்த காலத்துல வெறகும் தட்டுமுட்டும் போட்டு வச்சது. அத ஒழிச்சு, வெள்ளையடிச்சு, கடப்பக்கல்லு போட்டு மேடை கட்டி, புது அடுப்பு, புது சிலிண்டரு எல்லாம் வாங்கி வச்சேன். செலவு பண்ணாம வரவு வருமா? ஏனத்துக்குச் செலவு பண்ணல. எங்கிட்டக் கெடந்ததப் பூராம் அங்க தள்ளுனேன். கைப்பிடி போன குக்கரு, அடி கருகுன வாணலி, மூடி சேராத தூக்குச்சட்டி. நெசமாவா குடும்பம் நடத்தப் போறா? வர்றவுக கண்ணுக்குக் காட்டத்தான.

அப்பத்தான் செல்வமேரி வந்து குண்டத் தூக்கிப் போட்டா. அக்கா, புது அடுப்பு பளபளன்னு இருந்தா கண்டுபிடிச்சுருவாக, ஒரு வீட்டுல அடுப்புக்கு அடியில வெரல விட்டுப் பாத்தாகளாம், அஞ்சறைப் பெட்டியத் தொறந்து மோந்து பாத்தாகளாம்னா. நீங்க அப்பிடியெல்லாம் மோந்து பாப்பீகளா மேடம்? இல்லையா? அவ சொன்னா, நான் நம்பிட்டேன்.

உடனே நாகஜோதியக் கூப்பிட்டு உத்தரவு போட்டேன். ஆளு என்னைக்கு வருவாகன்னு தெரியாது, நாளையிலருந்து தெனமும் அங்க ஒரு வேளையாச்சும் நீ சமைக்கணும். கஞ்சி பொங்கி அடுப்புல வழியணும். வழிஞ்சதத் தொடைக்கக் கூடாது. தாளிச்சு செவத்துல எண்ணெய் தெறிக்கணும். மஞ்சப்பொடி கீழ சிந்தணும். ஒலகத்துலயே மருமகளுக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்த மாமியா நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். என்ன சமைக்கட்டும் அத்தைன்னு கேட்டா. என்னத்தையோ சமை, யாரு திங்கப் போறா, நாய்க்கு வச்சாப் போச்சுன்னேன்.

மொத நாளு சோறு கொழஞ்சு போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. ரெண்டாம் நாளு ரசம். மூணாம் நாளு மீன் வாங்கிட்டு வந்துட்டா. தேங்கா அரச்சு ஊத்தி, மாங்கா போட்டு. தேங்கா விக்கிற வெலையில! வாசம் இந்தா, இங்க நான் உக்காந்துருக்க எடம் வரைக்கும் வந்துச்சு. நான் சன்னல மூடுனேன். இங்கிட்டு எம் மகனுக்குப் பருப்புக் கொழம்பும் அப்பளமும் வச்சேன். தின்னான். தின்னுட்டு ஏனம் கழுவுற மாதிரி பின்னால போனான். அவன் பொறந்ததுலருந்து ஏனம் கழுவுனதில்ல மேடம்.

அதுக்கப்புறம் இங்க ஒரு தோச, அங்க வயிறு முட்ட. கேட்டா, "வீணாப் போயிரும்லம்மா, நாய்க்கா வைக்கிறது"ங்குறான். நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்றான்.

ஒரு நாளு எங்கிட்ட வந்து கேக்குறான், நாகு வைக்கிற மீன் கொழம்பு மாதிரி நீயும் ஒரு நாளு வையேம்மான்னு. எப்பிடி இருக்கும் எனக்கு? இருபத்தாறு வருசம் இந்தக் கை வடிச்ச சோறு. ஆனாலும் வச்சேன். யாருக்கும் தெரியாம சந்தைக்குப் போயி, தேங்கா வாங்கி, மாங்கா வாங்கி, அவ அரைக்கையில கேக்குற சத்தத்த வச்சே இம்புட்டு நேரம் அரைச்சுருப்பான்னு கணக்குப் போட்டு வச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அவன் ஒரு வாயி வச்சுட்டு, நல்லாருக்கும்மான்னான். ரெண்டாவது வாயி வைக்கல. மாங்கா புளிப்புப் பத்தலைன்னு நானே சொல்லிட்டேன். அந்த வருசம் மாங்காயே அப்பிடித்தான்.

ஆளு வந்தாரு. ஒங்களுக்கு முந்தி இருந்தவரு, கண்ணாடி போட்ட சாரு. நல்ல மனுசன். மோந்தெல்லாம் பாக்கல. பின் ரூமு வாசல்ல நின்னு ஒரு பார்வ பாத்தாரு. வழிஞ்ச கஞ்சி, தெறிச்ச எண்ணெய், கொடியில கருவேப்பில, எல்லாம் நான் சொன்னபடி இருந்துச்சு. நான் சொல்லாததும் இருந்துச்சு. செவத்துல ஒரு மாதா படம், செல்வமேரி குடுத்துருக்கா போல, அதுக்குப் பக்கத்துல எங்க குலசாமி படம். சன்னல்ல ஒரு டப்பாவுல புதினா மொளைக்கப் போட்டுருந்தா. நான் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன், பரவால்லயே, நம்மளவிட நல்லா நாடகம் போடுறாளேன்னு. சாரு கேட்டாரு, நீங்க தனியாத்தான் சமைக்கிறீங்களாம்மான்னு. அவ நிமுந்து பாத்து, "ஆமா சார், தனியாத்தான் சமைக்கிறேன்"னா. எம்புட்டு அழகாப் பொய் சொன்னா தெரியுமா? கண்ணு கூட அசையல. இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்ல வேணாம்னவ!

அட்டை வந்துச்சு. அவ செல்போன்லயும் பணம் வந்த சத்தம் கேட்டுச்சு. நான் அன்னைக்குக் கேசரி கிண்டுனேன். கிண்டிட்டு, நாகு, வேல முடிஞ்சுச்சு, பின் அடுப்ப மூடி வச்சுட்டு இங்கிட்டு வந்துருன்னேன்.

"திரும்பப் பாக்க வந்தாகன்னா என்ன அத்தை செய்யிறது?"ன்னா.

அதுவும் சரிதானேன்னு எனக்குப் பட்டுச்சு. இன்னும் ஒரு மாசம் போகட்டும்னேன். அடுத்த மாசமும் அதையே சொன்னா. இந்த மாதிரி சோதனை திடீர்னு வருமாம் அத்தை, பேப்பர்ல போட்டுருக்கான்னா. எனக்கு வாசிக்கத் தெரியுமா, அவ சொல்றா, தலையாட்டுறேன். கைப்பிடி போன குக்கரு போயி புதுக் குக்கரு வந்துச்சு. தவணையில மிக்சி வந்துச்சு. அது யாரக் கேட்டு வாங்குனன்னு கேட்டா, எம்பேர்ல வந்த பணம் அத்தைங்குறா. அவ பேர்லதான வருது, என்ன சொல்ல முடியும்? நான் நெனச்சது, ரெண்டு பேரு பணமும் எங்கைக்கு வரும்னு. பட்ஜெட்ட வாசிச்சவரு அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மாமியா கையில குடுக்கணும்னு. சொல்லலையே.

இப்பக் கொற சொல்றேன் மேடம். எழுதிக்கங்க. குடும்பச் செலவக் கொறைக்கிறோம்னுதான சொன்னாக? இந்த வீட்டுல ஒரு சிலிண்டரு எரிஞ்சுச்சு, இப்ப ரெண்டு எரியுது. ஒரு படி பருப்பு வாங்குனோம், இப்ப அவ அங்கிட்டுத் தனியா வாங்குறா. ஒரு மிக்சி, இப்ப ரெண்டு மிக்சி. கடப்பக்கல்லுக்குப் போட்ட காசு போட்டதுதான். இதுக்கு அந்தாளு வாசிக்காமயே இருந்துருக்கலாம். நான் புளி ஆஞ்சுக்கிட்டே இருந்துருப்பேன்.

எந்திருக்காதீக, இன்னும் இருக்கு. நான்தான் எந்திருச்சேன். எனக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளல. ஒரு வருசமா இப்பிடித்தான். உக்காந்தா நிக்கணும்னு இருக்கு, நின்னா அங்கிட்டுப் போயி எட்டிப் பாக்கணும்னு இருக்கு.

போன ஆடி வெள்ளிக்கு சேமியாப் பாயாசம் வச்சேன். காளிராசுக்கு அதுன்னா உசிரு. சட்டி நெறைய ஊத்தி, முந்திரிய அவனுக்குன்னு மேல பொறுக்கிப் போட்டு, நானே கொண்டு போயி பின்னால வச்சுட்டு வந்தேன். வாங்க அத்தை, உக்காருங்க அத்தைன்னா. உக்காரல. எதுக்கு உக்காரணும், என் வீட்டுல நானு? சாயங்காலம் சட்டியக் கொண்டாந்து குடுத்தா. கழுவித் தொடச்சு பளிச்சுன்னு. உள்ள பாத்தா ஒரு கை சீனி.

ஒங்க ஊர்லயும் இந்தப் பழக்கம் இருக்கும்ல மேடம்? பக்கத்து வீட்டுல இருந்து எதாச்சும் குடுத்துவிட்டா, சட்டிய வெறுஞ்சட்டியாத் திருப்பிக் குடுக்கக் கூடாது. கொஞ்சம் சீனியோ, ரெண்டு வெத்தலையோ, ஒரு பழமோ போட்டுத்தான் குடுக்கணும். நல்ல பழக்கம். நானும் செல்வமேரிக்கு அப்பிடித்தான் குடுப்பேன். பக்கத்து வீட்டுக்கு மேடம். பக்கத்து வீட்டுக்குக் குடுக்குறது அது.

ஏத்தா, இது என்ன சீனின்னு கேட்டேன். அவ சிரிச்ச மொகமா, "வெறுஞ்சட்டியாக் குடுக்கலாமா அத்தை?"ன்னா.

வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும். குத்திக் காட்டணும்னு செஞ்சிருந்தா நானும் நாலு வாங்கு வாங்கிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன். வஞ்சிருந்தாக் கூடத் தேவல. மரியாத பண்ணிட்டா மேடம். என் வீட்டுச் சட்டியில எனக்கே மரியாத பண்ணிட்டா. அந்தச் சீனியக் காப்பியில போட மனசு வரல, கீழ கொட்டவும் மனசு வரல. எறும்பு மொய்ச்சுத் தின்னுட்டுப் போச்சு. எனக்கு அழுக வந்துச்சு. மறுநாளு காலம்பற பஸ் ஸ்டாண்டுக்குப் போயி மனு எழுதச் சொன்னேன்.

ஏன்னா எனக்கு ஒரு யோசன தோணுச்சு. அட்டைய வாங்கத்தான அடுப்பு வச்சோம்? அட்டை போச்சுன்னா அடுப்புக்கு என்ன வேல? அரசாங்கம் குடுத்து ரெண்டாக்குச்சு, அரசாங்கமே பிடுங்கி ஒண்ணாக்கட்டும். நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க சொன்னா கேப்பாகல்ல? அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஒரு அதட்டு அதட்டுங்க. கேஸ் போட்டுருவேன்னு சொல்லுங்க. போட்டுறாதீக, சொல்லுங்க. இன்னையோட இந்தப் பின் அடுப்ப மூடணும், ஒரே ஒலையில பொங்கணும்னு சொல்லிட்டுப் போங்க. அவ்வளவு போதும். எம் மகன் எங்கிட்டுத் திங்கணும்ங்கிறதுதான் மேடம் கேள்வி. பணம் கெடக்கு கழுத.

என்ன? வாங்குன பணத்தத் திருப்பிக் கட்டச் சொல்லுவாகளா? கட்டிருவோம். என் பணத்தையும் நிப்பாட்டுவாகளா? நிப்பாட்டட்டும். பட்ஜெட்டுக்கு முந்தி நான் சோறு பொங்கலையா?

இன்னொண்ணும் சொல்லிருறேன். நீங்க இன்னைக்கு வர்றது எனக்குத் தெரியும். கிராம உதவியாளரு செல்வமேரி வீட்டுல சொல்லிட்டுப் போனாரு. அதனால காலம்பற நாகஜோதி குழாயடிக்குப் போன நேரம் பாத்து பின் ரூமுக்குள்ள பூந்து, அந்த அடுப்பத் தேச்சேன். அன்னைக்கு நானே வழிய விடச் சொன்ன கஞ்சிய இன்னைக்கு நானே தேங்கா நாரு போட்டுத் தேச்சேன். நீங்க வந்து பாக்கையில பொழங்காத அடுப்பு மாதிரி இருக்கணும்ல. போக மாட்டேங்குது மேடம். சாம்பலப் போட்டேன், எலுமிச்சங்காயப் போட்டேன், ம்கூம். நல்லாக் குடும்பம் நடத்துன அடுப்பு அது. கொடத்தோட அவ வந்துட்டா. பதறிப் போயி, ஐயோ அத்தை, என் அடுப்ப நீங்க எதுக்குத் தேய்க்கிறீக, கை வலிக்கும், விடுங்கன்னு நாரப் பிடுங்கிட்டா. என் அடுப்பு. கேட்டீகளா?

உஸ்ஸ். வர்றா.

வா நாகு, வா த்தா. தாலுகா ஆபீஸ்லருந்து வந்துருக்காக. அட்டை விசயமா. யாரோ நம்ம மேல பெட்டிஷன் போட்டுருக்காகளாம், நம்ம ஒரே குடும்பம்னு. யாருன்னு தெரியல. மேடம் கேக்குறதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லு, பயப்படாத. சொல்லுங்க மேடம், அந்த ரத்து பண்றதச் சொல்லுங்க அவகிட்ட.

என்ன த்தா சொல்ற? பண்ணிக்கங்கங்கிற? அட்டை போனாப் போகட்டும்ங்கிற. பாத்தீகளா மேடம், எப்பவும் நல்ல புள்ளை, நான் சொன்னேன்ல. அப்பறம் என்ன, இன்னைக்கே அடுப்பத் தூக்கி...

வீடா? எந்த வீடு? சந்தப்பேட்டையிலயா. வாடகைக்கா. எப்ப பாத்தீக? தை மாசமேவா? மேடம் இருங்க, எழுதாதீக, இவ என்னமோ சொல்றா. தை மாசமே வீடு பாத்து, அட்வான்சு பேசி வச்சுருந்தாகளாம். காளிராசு போயிருவோம்னானாம். காளிராசா? எம் மகனா? அவன் எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டானே.

நீ வேணாம்னியா.

நீயா சொன்ன? பின்னால ஒரு அடுப்பு கெடக்கு, அது போதும், அத்தைய ஒத்தையில விட்டுட்டுப் போக வேணாம்னு நீ சொன்னியா? அதுக்குத்தான் மாசாமாசம் சோதனைக்கு வருவாக, சோதனைக்கு வருவாகன்னு எங்கிட்டப் புளுகுனியா? திரும்ப ஒரே அடுப்புக்கு வரமாட்டானாமா அவன், பின் அடுப்பு போனா வீடு மாறிருவானாமா? அப்பிடியா சொன்னான்? சரி. சரி த்தா. அழுகாத, மேடம் முன்னாடி. நான் ஒண்ணும் சொல்லல. நீ உள்ள போ, கடலை அடிப்பிடிக்கப் போகுது. போ, நான் பேசிக்கிறேன்.

போயிட்டாளா?

தண்ணிச் செம்ப இப்பிடி நகட்டுங்க மேடம். எனக்குத்தான்.

அந்தக் காயிதத்தக் குடுங்க, பாப்போம். என்னமோ எழுதியிருக்கான் எவனோ. பேரு இல்ல பாருங்க. பேரு இல்லாத காயிதத்துக்கெல்லாம் நீங்க வெயில்ல வரலாமா? வேண்டாதவுக வேல மேடம். பொறாம. நானா? நான் எழுதுனேன்னு எப்பச் சொன்னேன்? எனக்கு எழுதவே தெரியாது, கைநாட்டு. வயசாயிருச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவேன், அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீக. தாயி, ஒங்க காலுல வேணாலும் விழுறேன், அத எங்கயும் சொல்லிறாதீக. அவகிட்டச் சொல்லிறாதீக.

வாங்க, பின்னால வந்து பாருங்க. வந்தவுக பாக்காமப் போனா எப்பிடி? அடுப்புக்கடியில வெரல விட்டுப் பாருங்க. அஞ்சறைப் பெட்டிய மோந்து பாருங்க, கூச்சப்படாதீக. சன்னல்ல புதினா வளந்து நிக்கிது பாருங்க. நான் உள்ள வரமாட்டேன், அவளக் கேக்காம உள்ள வர்றது மொறையில்ல, இங்க வாசல்லயே நிக்கிறேன். நீங்க எழுதுங்க மேடம். தனித்தனிச் சமையல். தனித்தனிக் குடும்பம். ஒண்ணும் பொய்யில்லன்னு எழுதுங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன், கைநாட்டு வைக்கிறேன். அது அவுக வீடு. இது என் வீடு. எழுதிட்டீகளா? நடுவுல செவரு மட்டும் ஒண்ணுதான். அதையும் ஒரு ஓரமா எழுதிக்கங்க.